அக்காவின் பங்கு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாமாவைக் கேட்டதாகச் சொல்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அப்பா போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. வீடு இன்னும் அவர் பெயரிலேயே கிடக்கிறது. முன்னறையில் நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பது உனக்குத் தெரியும். பழுதான பெட்டிகள் இப்போது நடை வரைக்கும் வந்துவிட்டன. என் வீட்டுக்காரி பக்கவாட்டில் திரும்பித்தான் அடுப்படிக்குப் போகிறாள். சுவரை இடித்துக் கடையைப் பெரிதாக்க வங்கியில் கடன் கேட்டேன். வீடு என் பெயரில் இருந்தால்தான் தருவார்களாம். உனக்கும் சரிபாதி உரிமை உண்டு, உன் பங்கை விட்டுக் கொடுப்பதாக நீ கையெழுத்துப் போட்டால் போதும் என்று வக்கீல் சொன்னார்.

அப்பாவும் கடைசியில் அதைத்தான் சொன்னார். "வீட்டை நீ வச்சுக்கடா. உங்க அக்காவுக்கு என்ன குறைச்சல்? ரெண்டு ஃபேக்டரி ஓடுது. இதுல வந்து பங்கு கேக்கப் போறாளா அவ?"

நான் கேட்பது தப்பென்றால் திட்டி எழுது.

உன் அன்புத் தம்பி

*

மார்ச் 21

என் செல்லத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, நானும் அப்படியே இருக்கிறேன்.

கையெழுத்துப் போடுவது ஒரு நிமிட வேலை. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் அப்பா சொன்னதாக நீ எழுதியிருந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

ஞாயிறு தவறாமல் அவருக்குப் போன் பண்ணியவள் நான். "அங்க மழையாம்மா? மாப்பிள்ளை சௌக்கியமா? சரி, வச்சுடறேன், உனக்கு பில் ஏறும்" என்பார். ரெண்டு ஃபேக்டரி நடத்துகிறவளுக்கு பில் ஏறுமென்று கவலைப்பட்ட மனுஷன், ஒரே ஒரு தடவை, "வீட்டைத் தம்பிக்கு விட்டுடறியாம்மா?" என்று கேட்டிருக்கலாம். வாய் மூடுமுன் சரி என்றிருப்பேன். கேட்கவேயில்லை. கேட்க வேண்டிய ஆளாகவே நான் அவருக்குப் படவில்லை போலிருக்கிறது.

அட்டைப்பெட்டி வெட்டும் ஒற்றை மெஷினோடு தொழில் தொடங்கினேனே, அதில் கை அறுபட்டுத் தையல் போட்டபோதும் வீட்டில் "அவ சமாளிச்சுக்குவா" என்றுதான் சொன்னார்கள். சமாளித்தேன்தான். சமாளித்தவளுக்குப் பிறந்த வீடு தேவைப்படாது என்று யாருடா முடிவு கட்டியது?

பாதி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. கொஞ்ச நாள் பொறு.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அக்கா

*

ஏப்ரல் 5

அக்கா,

பொறு என்று எழுதிவிட்டாய். வங்கியில் பொறுக்க மாட்டார்கள்.

அப்பா படுக்கையில் கிடந்த ஒன்றரை வருஷமும் தூக்கி உட்கார வைத்தது நான். குளிப்பாட்டியது நான். நீ அனுப்பிய பணத்தில் நர்ஸ் வைத்தோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நர்ஸ் ஊட்டினால் அவர் வாய் திறக்க மாட்டார். "எங்கடா போயிட்ட?" என்று என்னைத்தான் கூப்பிடுவார். ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடுவேன். வேலை கொடுத்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார்கள்.

ஃபேக்டரிக்காரியும் ரிப்பேர்காரனும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வதுதான் நியாயமா, நீயே சொல். உனக்கு அது ஒரு பழைய வீடு. எனக்கு வேறு கூரை கிடையாது.

இதற்கு மேல் எழுதினால் ஏதாவது தப்பாக வந்துவிடும்.

தம்பி

*

ஏப்ரல் 24

அன்புத் தம்பிக்கு,

கையெழுத்துப் போட்ட பத்திரம் இத்துடன் இருக்கிறது. சாட்சிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். நீ எழுதியது நியாயம்தான். தூக்கிய கைக்குத்தான் வீடு.

"எங்கடா போயிட்ட?" என்று அவர் கூப்பிட்டதை எழுதியிருந்தாய். நாலைந்து முறை படித்தேன். என்னை அவர் அப்படிக் கூப்பிட்டு எத்தனை காலம் ஆகிறது! எதையாவது பிரித்துக் கொடுக்க முடியுமென்றால் அதில் எனக்குப் பாதி கொடு என்பேன். முடியாதல்லவா?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அப்பா போனபோது வந்தேனே, ஹோட்டலில் ரூம் போட்டிருந்தீர்கள். நல்ல ரூம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னலைத் திறந்தால் நம் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உன் ஃப்ரிட்ஜ் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பாயைப் போட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இங்கேயே இரு அக்கா என்று நீங்கள் சொல்லவில்லை. இருக்கட்டுமா என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

கடையைப் பெரிதாக்கு. நன்றாக நடக்கட்டும். பதில் எழுதித்தான் ஆகவேண்டும் என்றில்லை.

அக்கா

*

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் பதில் போடாததற்கு நேரில் வந்து கன்னத்தில் இரண்டு அறை கொடு.

பத்திரம் வந்த அன்றே வக்கீலிடம் ஓடினேன், மறைக்கவில்லை. அவர் கூப்பிடும்வரை பெஞ்சில் உட்கார்ந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அப்படியே எழுந்து வந்துவிட்டேன். "கையெழுத்தே வந்தாச்சு, இன்னும் என்ன யோசனை?" என்று என் வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சுதான். கடைசியில் உன் கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பிறகு வந்து சொன்னாள்: "ரூம் போடச் சொன்னது நான்தாங்க. அவங்க வந்து நின்னா நம்ம வீடு இன்னும் சின்னதாத் தெரியுமேன்னு வெக்கமா இருந்துச்சு."

வங்கியில் கடன் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். பக்கத்துத் தெருவில் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். வெயிலில் வேகிறது, ஆனால் ஆள் நிற்க இடம் இருக்கிறது. பெட்டிகள் எல்லாம் அங்கே போய்விட்டன. வீட்டுக்காரி முன்னறையைக் கழுவிவிட்டாள். இவ்வளவு பெரிய அறையா என்று பிள்ளைகளுக்கே ஆச்சரியம்.

பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிறேன். வீடு எனக்கு வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் பெரிய மனுஷன் இல்லை அக்கா. வேண்டும்தான். முழுசாகவே வேண்டும். ஆனால் அதைத் தபாலில் வாங்கிக்கொள்ள முடியவில்லை. நீ வா. இங்கேயே படு, இங்கேயே சாப்பிடு. காலையில் எதிரெதிரே உட்கார்ந்து, உனக்கு எது, எனக்கு எது என்று பேசலாம். நான் கத்துவேன், நீயும் கத்து. எப்படி முடிந்தாலும் எனக்குச் சம்மதம்.

மாமாவை மட்டும் கூட்டி வராதே. நடுவில் புகுந்து சமாதானம் பண்ணிவிடுவார்.

உன் தம்பி