பல்கலைக்கழகம் வைத்த மொய்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மழை போக்குக் காட்டிவிட்டு வேலூர்ப் பக்கம் போய்விட்டது. கடைவாய்ப் பல் வலி. வலப்பக்கம் மென்றால் உயிர் போகிறது.

மாலை, முன்னாள் மாணவர் மன்றக் கூட்டம். பதினோரு பேர். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது, அதனால் பதினோரு பேரும் எனக்கு முதலாளிகள். குப்புசாமி போண்டாவுக்கு வருகிறார். ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் தூங்க வருகிறார். வீட்டில் விசைத்தறிச் சத்தமாம், இங்கே ஏசி. இவர்களை வைத்துப் பல்கலைக்கழக நூலகத்துக்கு நிதி திரட்ட வேண்டும். திரட்டினால் மன்றத்தைக் கவனிக்கப் பல்கலைக்கழகம் எனக்குக் கொடுத்திருக்கும் ஒப்பந்தம் நீளும். இல்லாவிட்டால் மார்ச்சோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வேலை செய்கிறவன் ஒரே ஒருத்தன், செயலாளர் முருகேசன். கண்ணமங்கலம் தாண்டி ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அந்த வீட்டின் முதல் பட்டம் எங்கள் பட்டம். செய்யாறு கம்பெனியில் ஷிப்ட் முடித்து, பஸ்ஸை விட்டு இறங்கி, சீருடையோடு நேரே கூட்டத்துக்கு. அக்டோபரில் தலைவர் தேர்தல். ‘அடுத்தது நீங்கதான் முருகேசன்’ என்று போன வருஷம் ஒரு பேச்சுக்குச் சொல்லி வைத்தேன். அதிலேயே ஒரு வருஷம் ஓடிவிட்டான்.

புது வீடு கட்டியிருக்கிறான். செப். 4 கிரகப்பிரவேசம். எல்லாருக்கும் பத்திரிகை கொடுத்தான். அவன் பெயருக்குக் கீழே ‘செயலாளர், முன்னாள் மாணவர் மன்றம்’ என்று தடித்த எழுத்து. கம்பெனி வேலை அதற்கும் கீழே, பொடி எழுத்தில். சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்தேன். வலித்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

சிலிண்டர் புக் செய்ய வேண்டும். கிராம்புத் தைலம். தாமோதரன் வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன செய்வது??

தாமோதரன்: மன்ற உறுப்பினர், பட்டு ஜவுளி முதலாளி, நூலகத்தில் பாதியைத் தாங்குவதாக வாக்குக் கொடுத்தவர். போன முன்னாள் மாணவர் தினத்தில் அவர் தொகையை மைக்கில் ஊர், பேர், தகப்பன் பேரோடு சொல்ல வைத்தேன், கல்யாண வீட்டு மொய் மாதிரி. என் யோசனைதான். ஒருவர் பேரைக் கேட்டு அடுத்தவர் தன் பையில் கை விட்டார். அன்றைக்கு எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள்.

இப்போது வினை. பல்கலைக்கழகத்துக்கு அது நன்கொடை. தாமோதரனுக்கு அது மொய். மொய் என்றால் அவர் வீட்டு விசேஷத்தில் திரும்ப வர வேண்டும், கொஞ்சம் கூட்டி, வாங்கியவர் நேரில் போய்ப் பந்தியில் உட்கார்ந்து. ஞாயிறு அவர் மகள் கல்யாணம்.

பதிவாளரிடம் சொன்னேன். மனுஷன் சென்னை. “ஒரு பொக்கே அனுப்பிடுங்க மேடம். யூனிவர்சிட்டி எங்கயாவது மொய் வைக்குமா?” என்று சிரித்தார். இது ஆரணி சார் என்றேன். மறுபடி சிரித்தார்.

பூங்கொத்தை முருகேசனிடம் கொடுத்து அனுப்பப் போகிறேன். அவமானப்பட ஒரு ஆள் வேண்டும், அது நானாக இருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கல்யாணத்துக்குப் போகவில்லை. பல்வலி. நிஜமாகவே.

மதியம் குப்புசாமி போன். வாயில் வெற்றிலை, குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“மேடம், பூவ நீட்டிகினு நிக்கிறான் முருகேசன். மைக்குக்காரன் ‘பல்கலைக்கழகம் சார்பா...’ன்னு ஆரம்பிச்சுட்டு இவன் மூஞ்சியவே பாக்கறான். மண்டபமே திரும்பிப் பாக்குது. பொண்ணு வூட்டுக்காரங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறாங்க. இவன் இன்னா பண்ணான் தெரியுமா? பாக்கெட்ல கைய வுட்டு, டைல்ஸ் வாங்க வெச்சிருந்த பணத்த அப்படியே எடுத்து வெச்சுட்டான். பல்கலைக்கழகம்னே எழுதுங்கன்னான். மைக்குல கணீர்னு சொன்னாங்க. தாமோதரன் பூரிச்சுப் போயிட்டாரு!”

முதலில் சிரித்தேன். பிறகு கோபம். யார் கேட்டது இவனை? பிறகு பயம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நினைத்தபடியே. தாமோதரன் காலையிலேயே பதிவாளருக்கு நன்றி சொல்லியிருக்கிறார். பதிவாளர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். அதற்குள் மூன்று நன்கொடையாளர்கள் ஆபீசில் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஒவ்வொரு தட்டிலும் பழம் வேறு. பணம் யாருடையது என்று கேட்டார். முருகேசன் என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. “அப்போ தாமோதரன்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க” என்றார்.

மாலை தாமோதரன் கடை. புடவை மடித்துக்கொண்டிருந்த பெண்ணை வெளியே போகச் சொன்னார்.

“அப்ப அது அவன் மொய்யா?”

“ஆமாங்க.”

“இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க? பேஜாராப் போச்சே. அவன் வூட்டுக்கு நான் போவணும். போயி உக்காந்து சாப்பிடணும். போவாட்டி மொய்ய முழுங்கிட்டான்னு ஊர் பேசும். போனா எங்க ஜனம் பேசும்.”

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்றேன்.

“மைக்குல சொன்ன மொய்ய கையில திருப்பிக் குடுப்பாங்களா? அத விட அசிங்கம் இல்ல.” கொஞ்ச நேரம் விரலால் கல்லாவைத் தட்டினார். “மன்றத்து ஆளுன்னுதான் அவனுக்குப் பத்திரிகையே வெச்சேன். மன்றத்துல இல்லன்னா அவனுக்கும் எனக்கும் இன்னா? நாலாந்தேதி வூடு குடி போறான். அதுக்குள்ள ஜல்தியா முடி. நூலகம் வேணுமில்ல?”

எங்க ஜனம் என்றார், அவ்வளவுதான். எனக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. காபி வரவழைத்தார். நல்ல காபி. முழுதும் குடித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. லீவு. எதிர்வீட்டில் கொழுக்கட்டை கொடுத்தார்கள். இடப்பக்கமாக மென்று ஒன்று தின்றேன்.

முருகேசன் போன். “மேடம், பணம் குடுத்தத பெருசா எடுத்துக்காதீங்க. டைல்ஸ் அப்புறம் போட்டுக்கலாம், இப்பத்திக்கு சிமென்ட் தரை போதும். நம்ம யூனிவர்சிட்டி பேரு கெடக் கூடாதுல்ல?”

நம்ம யூனிவர்சிட்டி! அந்த நிமிஷம் அவனை வெறுத்தேன். தாமோதரனைக்கூட எனக்கு அவ்வளவு பிடிக்காமல் போகவில்லை. இவன் திட்டியிருந்தால், அட, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலாவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மதியம் மன்ற விதிகளை எடுத்துத் துழாவினேன். கிடைத்தது. அனுமதியின்றிப் பல்கலைக்கழகத்தின் பெயரில் பணம் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. இதை எழுதியவர்கள் பணம் வாங்குகிறவனைத்தான் நினைத்திருப்பார்கள். தீர்மானம் எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நல்ல நடை.

செப்டம்பர் 1, திங்கள்

கூட்டம் காலையில். முருகேசனுக்கு இந்த வாரம் காலை ஷிப்ட், கேட்டு வைத்துக்கொண்டுதான் நேரம் போட்டேன். காலையில் போண்டா கிடைக்காது, பொங்கலும் வடையும். குப்புசாமிக்கு இரட்டைச் சந்தோஷம்.

தீர்மானம் வாசித்தேன். பொறுப்பிலிருந்தும் உறுப்பினர் பதவியிலிருந்தும் நீக்கம். தூங்குகிற வாத்தியார் கண்ணைத் திறந்து, “அந்தப் பையன் நல்லாத்தான செஞ்சிகினு இருந்தான்?” என்றார். ஆமாங்க சார் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

புதுச் செயலாளர், தாமோதரனின் மருமகன். புது மாப்பிள்ளை ஊட்டியில் இருக்கிறார். தனக்குப் பதவி கிடைத்தது இன்னும் தெரியாது.

சாயங்காலம் பல்லைப் பிடுங்கியாயிற்று. டாக்டர் கையில் வைத்துக் காட்டினார். இவ்வளவு சின்னதா என்று இருந்தது.

செப்டம்பர் 3, புதன்

தூறல். தீர்மானக் கடிதம் பதிவாளர் கையெழுத்தாகி வந்தது. பெரிய கவர், முத்திரை பதித்தது, நல்ல கனம். நாளைக்குத் தபாலில் போட வேண்டும். விசேஷம் முடிந்து வெள்ளியோ சனியோ போய்ச் சேரட்டும். அந்த மட்டும் எனக்கும் மனசு உண்டு.

முருகேசன் வீட்டுக்கு என்ன அனுப்பலாம் என்று கேட்டேன். “அதே மாதிரி பொக்கேதான்,” என்றார் பதிவாளர். நானும் அதையேதான் நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

நல்ல மழை, பிறகு வெயில். வேன் டிரைவர் ஏழுமலையிடம் இரண்டு வேலை கொடுத்தேன். கவரைத் தபாலில் போடு, பூங்கொத்தை முருகேசன் வீட்டில் கொடு.

மதியம் திரும்பி வந்தான். தபால் போட்டாயா என்றேன்.

“அட்ரஸ் பார்த்தேன் மேடம், அதே வூடு. பூவோட சேத்துக் குடுத்துட்டேன். ஸ்டாம்பு மிச்சம்.”

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். பல் பிடுங்கிய இடத்தில் தையல் இழுத்தது. போகட்டும், எப்படியும் தெரிய வேண்டியதுதானே என்று விட்டுவிட்டேன். தாமோதரன் போகவில்லையாம். மன்றத்திலிருந்து ஒருத்தரும் போகவில்லையாம். குப்புசாமிகூடப் போகவில்லை, சாப்பாட்டையே விட்டுவிட்டார்.

சாயங்காலம் முருகேசன் போன். பின்னால் ஸ்பீக்கர் சத்தம், குழந்தைகள் கூச்சல்.

“மேடம், நீங்க வருவீங்கன்னு ரோட்டையே பாத்துகினு இருந்தேன். பரவால்ல மேடம், மழை. பூவும் கவரும் வந்துடுச்சு. அன்னிக்கு நான் செஞ்சதுக்கு யூனிவர்சிட்டியே திருப்பிச் செய்யுதுன்னு அம்மாகிட்ட சொன்னேன், அழுவுது. எங்க ஊர்ல கவர அப்டியே உள்ள வெக்க மாட்டாங்க மேடம், சாயங்காலம் எல்லாரையும் உக்கார வெச்சு, பிரிச்சு, மைக்குல படிப்பாங்க. உங்குளுதத்தான் மொதல்ல படிக்கச் சொல்லி வெச்சிருக்கேன். வெச்சுடாதீங்க, லைன்லயே இருங்க. நீங்களும் கேளுங்க.”

யாரோ மைக்கைத் தட்டினார்கள். ‘நம்ம முருகேசனுக்குப் பல்கலைக்கழகத்துல இருந்து வந்திருக்கிற மொய்’ என்று ஒரு வயசான குரல். கைதட்டல். விசில்கூட.

பிரிக்காதீங்க என்று சொல்ல நேரம் இருந்தது. நன்றாகவே இருந்தது. பல் போன இடத்தை நாக்கு தேடிக்கொண்டிருந்தது.

காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. நான் லைனில் இருந்தேன்.