தூக்கிப் பார்த்தால் தெரிவது

அன்புள்ள அப்பா,

ஞாயிறன்று போனில், "குரல் ஏம்மா கம்மியிருக்கு?" என்று கேட்டீர்கள். சளி என்றேன். காரணம் அதில்லை என்பதைச் சொல்லவில்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

எங்கள் மென்பொருள் ஓடும் மருத்துவமனையில், ஒரு நோயாளிக்குப் பால் ஆகாது என்று அங்குள்ள நர்ஸ் அக்கா கணினியில் சேர்த்திருக்கிறார். மறுநாள் அந்த வரி இல்லை. பால் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வாமையில் மூச்சுத் திணறியிருக்கிறது; நல்லவேளை, அவர் பிழைத்துக்கொண்டார். அந்த வரியைச் சேர்க்கவே இல்லை என்று அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். "சத்தியமா சேர்த்தேம்மா. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு" என்றார் என்னிடம்.

ஒரு நோயாளியின் குறிப்புகள் எல்லாம் ஒரே மூட்டையாகத்தான் தரவுத்தளத்தில் கிடக்கும். திரும்ப வைக்கும்போது அதே மூட்டைதானா என்று மட்டும் பார்த்துவிட்டு, எங்கள் நிரல் சேமிக்காமல் போய்விடுகிறது. உள்ளே மாறியது அதற்குத் தெரியாது.

புதன்கிழமை ஜன்னலில் மேகம் மெல்ல நகர்வதைப் பார்த்தபடி இருந்தேன். நீங்கள் சர்க்கரை டப்பாவைத் திறக்காமல், தூக்கிப் பார்த்தே "யாரோ கை வச்சிருக்காங்க" என்பது கனவுபோல் நினைவுக்கு வந்தது. அதையே நிரலுக்கும் கற்றுக்கொடுத்தேன்: மூட்டையை எடுக்கும்போது, உள்ளே இருப்பதைக் கணக்கிட்டு வரும் எண்ணாக ஓர் எடை, வைக்கும்போது ஓர் எடை, வேறுபட்டால் சேமி. பிறகு, திருத்தாத பழைய நிரலில் அதே பால் வரியை மருத்துவமனை அதிகாரிகள் முன்னால் நானே சேர்த்துக் காட்டினேன். அதுவும் காணாமல் போனது; தப்பு அக்கா மேல் இல்லை என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது.

உங்கள் பழைய சால்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். ஸ்டாப்பில் நின்றுதான் எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது, அப்பா.

நர்ஸ் அக்கா இன்று காலை வேலைக்குத் திரும்பிவிட்டார்.