கிளிமீன் செய்த தீவு

லா சப்பல் தமிழ்க்கடைத் தெருவின் மீன்கடையில் இன்று காலையும் கிளிமீன் இறக்கியிருந்தார்கள். ஐஸின் மேல் அதே பச்சை, அதே நீலம், அதே பல்லிளிப்பு.

"தங்கச்சி, நல்ல பிறெஷ். வெட்டித் தரட்டோ?" என்றார் கடைக்கார அண்ணை. பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கடை சிநேகிதியும் இப்ப இல்லைத்தானே. இனி வாங்குவியள் எண்டு நினைச்சன்" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "இல்லை அண்ணை. பாரை மீன் தாங்கோ."

இதே இடத்தில் நின்று நீ அவரோடு எத்தனை தரம் சண்டை பிடித்திருப்பாய். "அண்ணை, இது பவளப்பாறையைக் கடிச்சு அரைச்சு மணலாக் கழிக்கிற மீன். அங்கை தீவே இதின்ரை பீயிலைதான் நிக்குது." வரிசையில் நின்றவர்கள் முகம் சுளிப்பார்கள். நான் உன் கையைப் பிடித்து ரூ பிலிப்-து-ஜிரார் தெருப் பக்கம் இழுத்துக்கொண்டு போவேன்.

பசிபிக்கின் நடுவில், கப்பல் எப்போதாவது எட்டிப் பார்க்கும் அந்தப் பவள வளையத்துக்கு ஆராய்ச்சிக்காக வருடாவருடம் போய் வந்தாய். நடுவில் கடல்நீர் தேங்கிய களப்பு, சுற்றிவரப் பாறை, பாறையின் மேல் ஒடுங்கிய மணல்தீவுகள். பள்ளிக்கூட அட்லஸ்களுக்குப் படம் கீறுவது என் வேலை. நான் கீறிய வளையத்தைப் பார்த்துச் சிரித்தாய். "தீவைப் பழைய இடத்திலை வைச்சிருக்கிறாய். கடல் கிழக்கிலை அரிச்சு மேற்கிலை போடுது. அது நகரும், நீயும் திருத்து."

மூழ்கப்போகிற தீவுகள் என்று யாராவது உச்சுக்கொட்டினால் உனக்குப் பொறுக்காது. "கடல் ஏறுறது உண்மை. வெக்கையிலை பவளம் வெளிறுறதும் உண்மை. ஆனா பவளமும் மீனும் உயிரோடை இருக்குமட்டும் மணல் வரும். உயிரோடை இருக்கிறவைக்கு ஏன் இப்பவே செத்தவீடு?" ஆஸ்பத்திரியில், புறநகர் கார்ஜிலிருந்து வந்து உன் கட்டிலைச் சுற்றி நின்று அழுத சொந்தக்காரரிடமும் இதையேதான் கேட்டாய். உன் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தோடம்பழம் உரித்துத் தந்தார். ரசித்துச் சாப்பிட்டாய். இருந்த நாள் முழுக்க இருந்துவிட்டுத்தான் போனாய்.

நேற்று மேலாளர் அதே வளையத்தின் புதிய படத்தைப் பார்த்தார். தெற்கே இருக்கும் சின்னத் தீவை அழித்துக் கடல் நீலமாக்கிவிடச் சொன்னார். அட்லஸ் பல வருடம் ஓட வேண்டுமாம், அது எப்படியும் மூழ்கத்தானே போகிறது என்றார். அங்கே சனம் இருக்கிறது என்றேன். இன்று பின்னேரத்துக்குள் மாற்றாவிட்டால் வேலை வேறு ஆளிடம் போகும் என்றார்.

போகட்டும். பாரையை அலுவலக பிரிட்ஜில் திணித்துவிட்டு, நீ கடைசியாக எடுத்துவந்த அளவுகளை மேசையில் விரித்தேன். நீலத்தைத் தொடவில்லை. கிழக்குக் கரையை உள்ளே தள்ளினேன். மேற்கில் மணல் சேர்ந்த பக்கத்தை நீட்டினேன். உன் அளவுப்படி தீவு பழையதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வந்திருக்கிறது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

பிழை கண்டால் நீ வந்து சொல்லு, திருத்துகிறேன். அழிக்கச் சொல்லி வேறு யார் கேட்டாலும் மாட்டேன்.