யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் திடமாக இருக்கிறேன், பிரஷர் மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறேன், முழங்கால் மட்டும் படியேறும்போது முறைத்துக்கொள்கிறது. நீ சுகமாக இருக்கிறாய் என்று நானே எழுதிக்கொள்கிறேன், உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஏழு மாதமாக வழியில்லை. முப்பத்தாறு வயசுக்காரியைப் பாப்பா என்று கூப்பிடாதீங்க என்று நீ எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறாய், இப்போதும் அதற்காகவே எழுதினேன், சண்டை போடவாவது பதில் போடுவாய் அல்லவா. ஈமெயில் நான்கு அனுப்பினேன், பதில் வரவில்லை. கையால் எழுதினால் என் கையெழுத்தைப் படித்து முடிப்பதற்கே உனக்குக் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவு நேரமாவது அப்பாவோடு இருப்பாய்.

இந்த டெர்மோடு எனக்குக் கல்லூரி முடிகிறது. என் அறையை ஏற்கெனவே புதிதாகச் சேர்ந்த பேராசிரியைக்குக் கொடுத்துவிட்டார்கள், எனக்கு ஜன்னலோரம் ஒரு மேசை. நல்ல பெண், நான் இருமினால் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள். மண் பரிசோதனைக்கூடத்துக்கு இன்னும் தினமும் போய் வருகிறேன். ஈர மண்ணை எடைபோட்டு அடுப்பில் வைத்து, மறுநாள் காய்ந்த மண்ணை எடைபோட்டு, போன தண்ணீர் எவ்வளவு என்று கணக்குப் பண்ணுவதை முப்பத்தொரு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் காலித் தட்டின் எடையைக் கழிக்க மறந்துவிடுகிறார். இந்த ஊருக்கு வந்த புதிதில் என் இங்கிலீஷ் பேச்சு மாணவர்களுக்குப் பிடிபடவில்லை, ஞாபகம் இருக்கிறதா, உனக்கு அப்போது ஐந்து வயசு. மறுநாள் பாடத்தை உன் அம்மாவை அடுப்படியில் நிற்கவைத்து அவளிடம் நடத்திப் பார்ப்பேன். அவளும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, நீங்க கடைசி வார்த்தையை முழுங்கிடுறீங்க, அதைத் துப்புங்க என்பாள். களிமண் ஏன் வருஷக்கணக்கில் மெதுவாக அமுங்குகிறது என்பதை என் மாணவர்களில் பாதிப் பேரைவிட அவள் நன்றாகவே சொல்லுவாள். அவள் போய் நான்கு வருஷம் ஆகிறது, இப்போது நான் எந்த வார்த்தையை முழுங்கினாலும் கேட்க ஆளில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்தால் ஞாயிறு காலை ஆராதனைக்குப் போகும்வரை என் வாய்க்கு வேலை கிடையாது. ஞாயிறன்று முதல் பாட்டில் தொண்டை கரகரவென்கிறது, பக்கத்தில் நிற்கும் பஸ் டிரைவர், சார் சளி பிடிச்சிருக்கா என்று கேட்கிறார். ஏழு மணி குடும்ப ஜெபத்தை விடவில்லை. வாய்க்குள்ளேயே வாசித்து, பாடி, ஜெபித்து, ஆமென்னும் நானே சொல்லிக்கொள்கிறேன். குடும்ப ஜெபம் என்று சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது, நான் ஒருத்தன் எப்படிக் குடும்பம் ஆவேன்.

வகுப்பிலும் எனக்கு முன்னுரைதான் நீளம், விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நீ போனில் அழுதாய். நானும் அவரும் மூணு மாசமா தனித்தனியா இருக்கோம்ப்பா, பேசிக்கிட்டுத்தான் இருக்கோம், சரியாகிடும்னு நினைக்கிறேன், யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா என்றாய். சரிம்மா என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது மனசாரத்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை போதகர், ஜெப விண்ணப்பம் இருந்தா சொல்லுங்க என்று கேட்டதும் எழுந்து நின்று, என் மகளும் மருமகனும் பிரிந்திருக்கிறார்கள், ஒன்றுசேர ஜெபியுங்கள் என்று சொல்லி அழுதுவிட்டேன். பாப்பா, யார்கிட்டயும் என்று நீ சொன்னதில் சபையும் சேர்த்தி என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாம் இந்த ஊரில் கால் வைத்த வாரத்திலிருந்து நமக்கென்று இருப்பது அந்தப் பதினான்கு வீடுதான், அம்மாவைத் தூக்கிப்போனதும் அவர்கள் தோள்தான். அவர்களை யாரோ என்று நினைக்க எனக்குத் தெரியவில்லை. பல் டாக்டர் வீட்டம்மா புதன்கிழமையே உன்னைக் கூப்பிட்டு அரை மணி நேரம் புத்தி சொன்னதும், அது அவள் தங்கை வழியாக உன் மாமியார் காதுக்குப் போனதும், மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்ததையும் நிறுத்தியதும் எல்லாம் அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. நீ கூப்பிட்டு, நான் உங்ககிட்ட சொன்னேன்ப்பா, ஊர்கிட்ட சொல்லல என்று சொல்லி வைத்துவிட்டாய்.

முதலில் எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது, அதையும் மறைக்கவில்லை. ஜெபிக்கச் சொன்னது ஒரு குற்றமா, பெற்றவனுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா என்று மாதக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், பார்க்கத்தான் ஆளில்லை. போன மாதம் ஒரு மாணவியின் தகப்பனார் கல்லூரிக்கு போன் போட்டு, மகள் பாஸா பெயிலா என்று மட்டும் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். அவள் சொன்னால்தான் உண்டு, நான் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பெத்த அப்பனுக்கே சொல்ல மாட்டீங்களா என்று கேட்டார். மாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. யாரோ பெற்ற பிள்ளையின் மார்க்கை முப்பத்தொரு வருஷம் பொத்திப் பொத்தி வைத்தவனுக்கு, தன் பிள்ளையின் கண்ணீரை ஆறு நாள் வைத்துக்கொள்ள முடியவில்லை. அன்று அடுத்த வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போய் நின்றேன்.

போன ஞாயிறு இதைச் சரிசெய்வது என்று முடிவு பண்ணி, ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனேன். அன்றைக்கு என் மகளைப் பற்றி நான் சொன்னது தப்பு, உங்கள் எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று. போதகர் விண்ணப்பம் கேட்டதும் எழுந்தேன், நாற்காலி கிறீச்சிட்டது, பல் டாக்டர் வீட்டம்மா ஆவலாகத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும்தான் புரிந்தது, அப்பா நல்லவர் என்று பேர் வாங்க மறுபடியும் உன்னைத்தான் அதே ஹாலில் கொண்டுவந்து நிறுத்தப் போகிறேன் என்று. என்ன புரொபசர் சார் என்று போதகர் கேட்டார். கால் மரத்துப்போச்சு, அதான் எந்திரிச்சேன் என்று சொன்னேன். சும்மா விடுவார்களா, சபை மொத்தமும் கண்ணை மூடி என் காலுக்காக உருக்கமாக ஜெபித்தது. தாளைச் சட்டைப்பைக்குள் கசக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் அந்தம்மா வந்து, பொண்ணு எப்படி இருக்கா, மாப்பிள்ளை வந்துட்டாரா என்று கேட்டாள். தெரியாதும்மா என்றேன். உண்மையும் அதுதானே.

அதனால் உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நான் செய்தது தப்பு, அப்பாவை மன்னித்துவிடு. இதற்கு முன்னால் ஒரு சொல்லைக் கறுப்பாக அடித்திருக்கிறேன் பார், ‘ஆனால்’ என்று ஆரம்பித்திருந்தேன், வேண்டாம் என்று அடித்துவிட்டேன். இன்னொன்றும் உண்டு. தினமும் ஜெபத்தில் உன் குடும்ப விஷயத்தை விவரமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் உனக்குப் பிடிக்கவில்லை என்றால் சொல், நிறுத்திவிடுகிறேன். நான் இப்படி எழுதுவேன் என்று நீ நினைத்திருக்க மாட்டாய், நானும் நினைக்கவில்லை. உன் பதில் வரும்வரை உன் பேரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன், அதற்குமேல் ஒரு வார்த்தை ஆண்டவரிடமும் பேசமாட்டேன். மீதியை நீயாக அவரிடம் சொல்லிக்கொள், சொல்லாவிட்டாலும் அவர் உன்னைக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வேலை இருக்கிறது என்று பட்டினி கிடக்காதே, தனியாக இருப்பவர்கள் அதைத்தான் முதலில் செய்வார்கள், எனக்குத் தெரியும். நீ இருக்கும் வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் ஆண்டவர் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். மாப்பிள்ளைக்கும் என் ஆசி உண்டு, அதை நீ அவரிடம் சொல்லவேண்டும் என்பதில்லை. பேச மனசு வராவிட்டால் பேசவேண்டாம், ஒரு மிஸ்டு கால் கொடு, போதும். நான் திருப்பிக் கூப்பிட மாட்டேன். நீ கூப்பிட்டாய் என்று யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா