இரண்டாவது லெட்ஜர்

பெங்களூர்
செவ்வாய்க்கிழமை

சௌபாக்கியவதி நிருபமாவுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் மழையோடு வந்து மழையோடு போகிறது. அங்கே குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால் எழுதி நானே படம் பிடித்து அனுப்புகிறேன், தனியாக இருக்கும்போது படி.

உன் மார்க் பட்டியலுக்காக மூன்று நாள் அலைந்தேன். பல்கலைக்கழகத்தை மூன்றாகப் பிரித்தார்களே, உன் காலேஜ் இப்போது புதியதில்தானே என்று முதலில் அங்கே போனேன், தப்பு. பாகம் பிரித்தால் பாத்திரமெல்லாம் போகும், கிணறு பழைய வீட்டிலேயே நிற்கும், அந்த மாதிரி உன் வருடத்து லெட்ஜர் பழைய இடத்தில்தான். அங்கே போய்ப் பார்த்தால் உன் பக்கம் மழைநீர் இறங்கி வெறும் மைக்கறை. அடுத்த வெள்ளிக்குள் பட்டியல் உறை கனடா வந்து சேராவிட்டால் டீச்சர் லைசென்ஸ் ஒரு வருடம் தள்ளிப்போகும் என்று நீ அழுதது என் காதிலேயே இருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆரம்ப காலத்தில் ஒரு குமாஸ்தா தெரிந்தவர் பையனுக்கு மார்க்கைத் திருத்திவிட்டாராம், அதிலிருந்து எல்லா லெட்ஜரும் இரண்டு பிரதி, இரண்டு பேர் கையெழுத்து, இரண்டு கட்டிடம். மாணவர்களுக்கு இது தெரியாது. மார்க் பதிய வாத்தியார்களைக் கூப்பிடுவார்கள், மணிக்கூண்டு ஹாலில் உட்கார்ந்து நானே ஆறு வருடம் பதிந்திருக்கிறேன். நீ பரீட்சை எழுதிய வருடங்களில் மட்டும் என்னைக் கூப்பிடவில்லை, சொந்தப் பிள்ளை எழுதினால் கூப்பிடமாட்டார்கள்.

ரெக்கார்டு ரூம் கிருஷ்ணப்பா, "இன்னொரு காப்பியா, பரீ கதெ சார்" என்று, வெறும் கட்டுக்கதை என்பதுபோல், சிரித்தார். இன்னொரு கட்டிடத்தில், அந்தக் காலத்தில் குதிரை வண்டி நிறுத்திய, படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அறைக்கு நான்தான் அவரை அழைத்துப் போனேன். இரண்டாவது பிரதி இருந்தது. உன் நம்பரைப் பார்த்ததும் சந்தோஷத்தில் அவர் தோளைத் தட்டினேன், பிறகுதான் முழுதும் படித்தேன். மூன்றாம் வருடம், கணக்கு இரண்டாம் தாள், இருபத்தொன்பது, சிவப்பு மையில். அதன் கீழே செப்டம்பர் மறுபரீட்சை, அறுபத்து நான்கு மார்க். அந்த செப்டம்பரில் உன் சிநேகிதி சௌம்யா வீட்டில் எம்.எஸ்ஸி என்ட்ரன்ஸுக்குப் படிக்கிறேன் என்று போவாய், நான் புளியோதரை கட்டிக் கொடுப்பேன்.

கிருஷ்ணப்பா என் முகத்தைப் பார்த்து, "பிடி சார், விட்டுடுங்க, மேல் லைன டைப் பண்ண வேண்டாம், நம்ம பொண்ணுதானே" என்றார். ஒரு நிமிஷம் எனக்கும் சரி என்றுதான் பட்டது, அதை உன்னிடம் மறைக்கவில்லை. பிறகு இரண்டு வரியும் வேண்டும் என்றேன். "நீங்க அப்பாவா, எக்ஸாமினரா" என்று முணுமுணுத்துக்கொண்டே அடித்து, உறையில் போட்டு சீல் வைத்துக் கொடுத்தார்.

நீ எனக்கு அனுப்பிய விண்ணப்ப நகலில் எல்லாத் தாளும் முதல் முறையிலேயே பாஸ் என்று எழுதியிருக்கிறாய். தோற்றதற்காக லைசென்ஸ் கொடுப்பவர்கள் உன்னை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், இரண்டு காகிதமும் ஒத்துப்போகாவிட்டால் சொல்வார்கள். அவர்களுக்கு எழுதித் திருத்து. திருத்திவிட்டேன் என்று நீ சொன்ன பிறகுதான் உறையைக் கூரியரில் கொடுப்பேன், நாளை மூன்று மணிக்கு மேல் கொடுத்தால் போய்ச் சேராது.

இருபத்தொன்பது வாங்கின எத்தனையோ பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். உன்னை என்னிடம் வரவிடாமல் தடுத்தது என்னுடைய எந்த வார்த்தை என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதையும் ஒரு நாள் சொல், கோபித்துக்கொள்ளமாட்டேன்.

குழந்தை ஸ்னேஹாவுக்கு என் முத்தம். நீங்கள் எல்லோரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். நாளை மூன்று மணி, மறக்காதே. உறை என் மேஜை மேல் இருக்கிறது.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும் அப்பா
அனந்தபத்மநாபன்