வண்டலூர் வரைக்கும்தான் சீட்டு

என் பாசமுள்ள கண்டக்டர் அப்பாவுக்கு,

சென்னையிலிருந்து செல்வி எழுதுகிறேன். சென்னை என்றால் நம்ம மெட்ராஸ்தான். நீங்கள் போன பிறகு பெயரை மாற்றிவிட்டார்கள். பெயர் மாறியதால் பஸ் போர்டை எல்லாம் யார் திருப்பி எழுதுவது என்றுதான் நீங்கள் முதலில் கேட்டிருப்பீர்கள். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து மயிலாப்பூர் வரை தூண் மேலேயே ஒரு ரயில் விட்டிருக்கிறார்கள். பறக்கும் ரயில் என்று சொல்கிறார்கள். அதிலும் கண்டக்டர் கிடையாது.

இதைச் சொல்வதற்காக இந்தக் கடிதம் இல்லை. செங்கல்பட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்து நான் உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். நீங்கள் இருக்கும்போதே அதை ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். தள்ளிப்போட்டேன், தள்ளிப்போட்டேன், நீங்கள் போய்விட்டீர்கள். போன மாதம் ஏற்காடு வந்திருந்தபோது அம்மா ஒரு விஷயம் சொன்னாள். அதிலிருந்து மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் நீங்கள் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுத் தாம்பரம் வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்துச் சித்தி வீட்டில் தங்கியிருந்த சமயம். நாலு மாதம்கூட ஆகவில்லை. சேலத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வந்திருந்தார்கள், பெண் வேலைக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் சொன்ன ஒரே நிபந்தனை. நீங்கள் என்னைப் பார்க்க வரவில்லை, கூட்டிக்கொண்டு போக வந்தீர்கள். வந்து இறங்கிய அன்றே சென்ட்ரலில் வரிசையில் நின்று, திரும்பிப் போக ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரண்டு சீட்டு எடுத்துவிட்டுத்தான் சித்தி வீட்டுக்கே வந்தீர்கள். நம்ம மலைக்கு ரயில் ஏறாது, ஆனால் நம்ம மலை பேரில் ரயில் உண்டு என்று சித்தியிடம் பெருமை வேறு.

"சனிக்கிழமை கெளம்பறோம் கண்ணு. ஆபீசுல எழுதிக் குடுத்துரு" என்றீர்கள். அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம் வீட்டில் சத்தம் போட்டுச் சண்டை போடும் பழக்கம் எப்போது இருந்தது?

நான் எழுதிக் கொடுத்தது ராஜினாமா இல்லை, மூன்று நாள் லீவு மட்டும்தான். "அதுக்குள்ள ஊரைச் சுத்திப் பாத்துரலாங்கப்பா" என்றேன். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற மாதிரி, ரயில் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம். உங்களை ஏமாற்றத்தான் அந்த ஏற்பாடு. ஊரைப் பார்த்தால் உங்கள் மனசு மாறும் என்று ஒரு நப்பாசை.

முதல் நாள் தாம்பரத்திலிருந்து கடற்கரை ஸ்டேஷன் வரை போனோம். எலக்ட்ரிக் ட்ரெயினில் உட்கார்ந்ததும் நீங்கள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது வந்து கிழிப்பார்கள் என்று மாம்பலம் வரை காத்திருந்தீர்கள். யாரும் வரவில்லை. "கேக்கறதுக்கு ஆளில்லாம ஒரு வண்டியா?" என்று உங்களுக்குப் பொறுக்கவில்லை. கூட்டம் ஏறியதும் எழுந்து நின்று, "படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள எடம் கெடக்குது பாருங்க" என்று ஆரம்பித்துவிட்டீர்கள். ஜனமும் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போனது. ஒரு அம்மா உங்களிடம் சில்லறையை நீட்டி எழும்பூருக்கு ஒன்று என்று கேட்டாரே! நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தேன்.

இரண்டாம் நாள் சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர். கோயில் குளத்தில் மீனுக்குப் பொரி போட்டீர்கள். எல்லாவற்றையும் பார்த்தீர்கள், எதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது மட்டும், "சனிக்கிழமைக்குத் துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டியா சாமி?" என்று கேட்டீர்கள். அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாளாக ஒரு ஊரையே தூக்கி உங்கள் முன்னால் வைத்திருக்கிறேன், நீங்கள் துணியைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

மூன்றாம் நாள் வண்டலூர். மிருகக்காட்சி சாலைக்கு என்று இரண்டு பேருக்கும் போக வரச் சீட்டு எடுத்தேன். சித்தி கட்டிக் கொடுத்த புளிச்சோறு மடியில் இருந்தது. செங்கல்பட்டு வரை போகிற வண்டி. வண்டலூர் வந்து நின்றது. நான் எழுந்தேன், நீங்கள் எழவில்லை.

"கொரங்கு பாக்கறதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா கண்ணு? நம்ம ஊட்டுக் கூரை மேலயே குடியிருக்குது. செங்கல்பட்டுல பெரிய ஏரி இருக்குதாம், எதுக்க உக்காந்திருக்கறவரு சொல்றாரு. அங்க போலாம்."

"சீட்டு வண்டலூர் வரைக்குந்தானுங்கப்பா."

"அதனாலென்ன? போயி மிச்சத்துக்கு வாங்கிக்கலாம்."

உங்களுக்கு அது இயல்பு. மலை பஸ்ஸில் வாழவந்திக்குச் சீட்டு வாங்கியவர் மனசு மாறி இன்னும் கொஞ்சம் தள்ளி இறங்குகிறேன் என்றால், நீங்கள் மிச்ச தூரத்துக்கு ஒரு சீட்டுக் கிழித்துக் கொடுப்பீர்கள். யார் கேட்டாலும் கொடுப்பீர்கள், யார் கேட்காவிட்டாலும் விடமாட்டீர்கள். சீட்டு எடுக்காமல் சமாளிக்கப் பார்த்தார் என்று சொந்த மைத்துனரையே, எங்கள் மாமாவையே, நட்ட நடுக் கொண்டை ஊசி வளைவில் இறக்கிவிட்டவர் நீங்கள். அம்மா உங்களோடு எத்தனை நாள் பேசவில்லை என்று ஏற்காட்டு மார்க்கெட்டுக்கே தெரியும்.

ரயிலில் அப்படி இல்லை அப்பா. சீட்டில் இருக்கிற ஊரைத் தாண்டிவிட்டால் அபராதம்தான். எனக்கு அது தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னோடு வந்த ஆபீஸ் தோழி ஒருத்தி தூங்கிப்போய் ஊரைத் தாண்டி மாட்டிக்கொண்டு அழுததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

நான் சொல்லவில்லை. மறுபடி உட்கார்ந்தேன். ஊரப்பாக்கம் வந்தது, சொல்லவில்லை. கூடுவாஞ்சேரி வந்தது, வாய் வரை வந்ததை விழுங்கினேன். அங்கே இறங்கித் திரும்பியிருந்தால்கூடப் பிழைத்திருப்போம். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டும்போது நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் வெளியே வயலைப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த கண்டக்டருக்கு இந்த ஊரில் ஒன்றும் தெரியாது என்று ஒரு தடவையாவது தெரியட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது?

செங்கல்பட்டில் இறங்கி நீங்களாகவே, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கறுப்புக் கோட்டுப் போட்ட பரிசோதகரிடம் நடந்தீர்கள். "ஏனுங்க சார், வண்டலூருக்குத்தான் சீட்டு எடுத்தமுங்க. இங்க வரைக்கும் வந்துட்டம். மிச்சத்துக்கு ரெண்டு சீட்டு குடுங்க."

அவர் சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தார். "பெரியவரே, இது இன்னா பஸ்ஸா? டிக்கெட் இல்லாம வந்த மாதிரிதான் இது. ரெண்டு பேரும் அப்படி ஓரமா நில்லுங்க."

ஓரத்தில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நீங்கள் அவர்களோடு போய் நின்றீர்கள். உங்கள் காது மடல் சிவந்திருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். விசில் வைக்கிற பை அது. பார்க்க முடியவில்லை அப்பா. நான் ஆசைப்பட்டது இதற்குத்தான், நடந்ததும் இதுதான், ஆனால் என்னால் பார்க்க முடியவில்லை.

நம் முறை வந்ததும் அவர் பேர், ஊர், தொழில் என்று கேட்டுக்கொண்டே எழுதினார். தொழில் என்றதும் நீங்கள் மறுபடி சட்டைப் பையைத் தொட்டீர்கள். பிறகு, "கண்டக்டருங்க" என்றீர்கள்.

அவர் பேனாவை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "நீங்களும் நம்ம மாதிரிதானா? இத மொதல்லயே சொல்லக் கூடாதா? போங்க, போங்க."

"இல்லீங்க சார், எழுதுங்க. நான் நொம்பப் பேர எறக்கி விட்டவனுங்க. என்னைய மட்டும் சும்மா விட்டா நல்லா இருக்காது."

எழுத வைத்து, பணம் கட்டி, ரசீதை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தீர்கள்.

ஏரிக்கரையில் புளிச்சோற்றைப் பிரித்தேன். நீங்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "தெரியாமப் போச்சு கண்ணு. உனக்குந் தெரிஞ்சிருக்காது" என்றீர்கள். உண்மையைச் சொல்ல எனக்காக நீங்களே கதவைத் திறந்துவிட்டீர்கள். நான் என்ன செய்தேன்? "தெரியாதுங்கப்பா" என்றேன்.

மறுநாள் நான் ஆபீஸ் போய்த் திரும்பும்போது நீங்கள் சித்தி வீட்டு வாசலில் நின்றிருந்தீர்கள். தனியாகவே சென்ட்ரல் போய் வந்திருந்தீர்கள். "ஒரு சீட்டக் கேன்சல் பண்ணிட்டேன். நீ இங்கயே இரு. சேலத்துக்காரங்களுக்கு நான் சொல்லிக்கறேன்" என்றீர்கள். சந்தோஷத்தில் சித்தியைக் கூப்பிட உள்ளே ஓடினேன். ஏன் என்று அப்போதும் கேட்கவில்லை. அவமானப்பட்ட மனுஷர் மனசு விட்டுப்போய்ச் சம்மதித்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு பொய்யால் என் வாழ்க்கையை வாங்கிவிட்டேன் என்ற குறுகுறுப்பு, கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, பதவி உயர்வு வந்த பிறகும் போகவில்லை. நீங்களோ அந்த அபராத ரசீதை ஏற்காட்டு பஸ் ஸ்டாண்டில் எல்லோரிடமும் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். மாமாவிடம்தான் முதலில் காட்டினீர்களாம்.

போன மாதம் வந்தபோது அம்மா கூரை மேல் குரங்கை விரட்டிக்கொண்டிருந்தாள். குரங்கு என்றதும் வண்டலூர் ஞாபகம் வந்து, எப்படி வந்ததோ தெரியவில்லை, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுகையும் வந்தது. அம்மா குச்சியைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"அட இதுக்கா அழுவுற? உங்கப்பனுக்கு அன்னைக்கே தெரியும் கண்ணு. ஊட்டுக்கு வந்ததும் சொன்னாரு. 'ரயிலுலயே எனக்கு ரோசனை தட்டுச்சு. பஸ்ஸு மாதிரி இங்க மிச்சத்துக்குச் சீட்டுத் தரமாட்டாங்க, அது இந்தப் புள்ளைக்குத் தெரியும், தெரிஞ்சுதான் உக்காந்திருக்குதுன்னு. சொல்லும், சொல்லும்னு ஒவ்வொரு டேசனாப் பாத்தேன். வாயத் தொறக்கல. அவ்வளவு வைராக்கியம் இருக்கறவளக் கட்டி இழுத்துட்டு வந்து நான் என்ன பண்றது? அவ எறங்கற எடம் அதுதான், எறக்கி விட்டுட்டு வந்துட்டேன்'னாரு."

ஏன் அம்மா இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேக்கவே இல்லியே" என்று மறுபடி குச்சியை எடுத்துக்கொண்டாள்.

அப்படியென்றால், எல்லாம் தெரிந்தேவா அந்த வரிசையில் போய் நின்றீர்கள் அப்பா? சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பிப் பார்த்தது அதற்குத்தானா? ஏரிக்கரையில் கதவைத் திறந்தபோது நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் சந்தோஷப்பட்டிருப்பீர்களா?

பொங்கலுக்கு அப்புறம் அம்மாவை இங்கே அழைத்து வருகிறேன். என் மகளையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகச் செங்கல்பட்டு போவோம், அந்த ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவளுக்கும் பிடிவாதம் இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. அவள் ஒரு நாள் என்னிடம் எதையாவது மறைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினால், நானும் காத்திருப்பேன். அவள் இறங்கும் இடம் வந்தால் இறக்கியும் விடுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இந்தத் தடவை, கடைசி ஸ்டேஷன் வரை சீட்டு எடுத்துவிட்டுத்தான் ஏறுவோம்.

இப்படிக்கு,
தெரிந்தே வாய் திறக்காத உங்கள் மகள்
செல்வி