மோட்டாருக்கு வைத்திருந்த பணம்

14.2.2003, வெள்ளி

காலையிலேயே வெயில் சுள்ளென்று. மாசி இப்போதுதான் பிறந்திருக்கிறது. காலனி போர் மோட்டார் எரிந்து மூன்று வாரம். பெண்கள் ஏரிக்கரைக் கிணற்றுக்கு நடக்கிறார்கள். பஞ்சாயத்தில் இருப்பது அந்த மோட்டாருக்கான பணம் மட்டும்தான்.

மாலையில் விழாக்குழு வந்தது. மாடு விடும் விழா அடுத்த ஞாயிறு. ஓடுகிற தெருவுக்கு கிராவல், இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டைத் தடுப்பு, வேகமாக ஓடும் மாட்டுக்குப் பரிசு. எல்லாம் பஞ்சாயத்துச் செலவில். சாலை சீரமைப்பு என்று தீர்மானம் எழுதிவிடலாமாம்.

தலைவர் நான். பேசியது என் வீட்டுக்காரரிடம். டம்ளர்களை எடுக்கும்போது முடியாது என்றேன். ஒருவர் சிரித்தார். "அண்ணி படிச்சவங்க, ரூல்ஸ் பேசறாங்க."

வாங்க: சீயக்காய், டார்ச் செல், புளி.

16, ஞாயிறு

பௌர்ணமி. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அக்கா வீட்டுக்குப் போய் வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கிரிவலப் பாதை நெடுக தண்ணீர்ப் பந்தல். வாங்கிப் பாதி குடித்துக் கீழே கொட்டுகிறார்கள்.

இவர் இரண்டு நாள் கழித்துப் பேசினார். "எல்லா ஊர்லயும் பஞ்சாயத்துதான் செலவு பண்ணுது. நம்ம ஊர்ல நின்னுபோச்சுன்னா நான் எப்படி வெளிய தலை காட்டறது?"

புளி மறந்துவிட்டேன்.

18, செவ்வாய்

கஸ்தூரி வந்தாள். காலனி வார்டு மெம்பர். மோட்டாருக்காக என்னோடு எத்தனை முறை பி.டி.ஓ. ஆபீஸ் படியேறியவள். கூட நான்கு பெண்கள். அதைக் கேட்கத்தான் என்று நினைத்தேன். விழாத் தீர்மானத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

காலனி மாட்டை ஊர்த்தெருவில் இதுவரை ஓட விட்டதில்லை. நான் பணத்தைக் கொடுத்தால் இந்த வருஷம் கஸ்தூரி வீட்டுக் காளைக்கு ஓட டோக்கன் உண்டாம்.

"தண்ணி தூக்கறது எங்களுக்குப் பழக்கந்தாம்மா. எங்க மாடு அந்தத் தெருவுல ஓடணும். ஒரே ஒரு வாட்டி."

அவள் கேட்டதில் தப்பு என்ன? நான் யாருக்காக மறுத்துக்கொண்டிருந்தேன் என்பதே குழம்பிவிட்டது.

சாயங்காலம் கையெழுத்து. துணைத்தலைவர் பேனா நீட்டினார். இவர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

23, ஞாயிறு

மைக் சத்தம், தலைவலி. மேடையில் எனக்கு நாற்காலி. சால்வை இவருக்கு.

வெளியூர் மாடுகள் வேன் வேனாக. கஸ்தூரி காளைக்குக் கடைசி டோக்கன். கொம்பில் நீலப் பெயிண்ட், கழுத்தில் பலூன். உச்சி வெயிலில் வரிசையில் நின்றது. அதன் முறை வருவதற்கு முன், வெளியூர் மாடுகளை இன்னொரு சுற்று விட்டார்கள். அப்புறம் போலீஸ் நேரமாகிவிட்டது என்றது. விழா முடிந்ததாக மைக்கில் அறிவிப்பு.

இறங்கிப் போய் விழாக்குழுவிடம் கேட்டேன். "டோக்கன் குடுத்தமா இல்லியா, அண்ணி? டைம் இல்லன்னா நாங்க இன்னா பண்றது?"

இவர் என் முழங்கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

24, திங்கள்

காலனிக்குப் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமலே. கஸ்தூரி வீட்டுக்காரர் மண்ணெண்ணெய்த் துணியால் கொம்புப் பெயிண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. மோட்டார் எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கஸ்தூரி அப்போதுதான் கிணற்றிலிருந்து வந்து குடத்தை இறக்கினாள். "வெயில்ல வந்திருக்கீங்க" என்று சொம்பில் மொண்டு நீட்டினாள். வேண்டாம் என்றால் வேறு மாதிரி ஆகிவிடும். முழுவதும் குடித்தேன்.